ஒண்ணரை மில்லி

ஆண்டிறுதி ஆராதனையில்
பன்னிரண்டு மணி அடிக்கும் முன்
எல்லாரும் முழங்காலில் நிற்கையில்
எட்டு வருடம் எட்டுத் தீர்மானம் எடுத்தவள் நான்.
வேதத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்க:
மார்ச் மாதம், லேவியராகமம், அதோடு நின்றது.
பத்துக் கிலோ குறைக்க.
சீட்டுப் பணத்தைத் தொடாமலிருக்க.
மாமியாரோடு சண்டையே போடாமலிருக்க;
அது ஜனவரி இரண்டு சாயங்காலம் வரை ஓடியது.

ஒன்பதாவது வருடம்
வாக்குத்தத்த அட்டையின் பின்பக்கம்
ஒரு எண் மட்டும் எழுதினேன்.
35.

பத்தாம் வகுப்புக் கணக்கு.
இருபத்திரண்டு வருடம் முன்பு வாங்கியது பத்தொன்பது.
மற்றதெல்லாம் பாஸ்.
"முப்பத்தஞ்சுக்கா இந்தப் பாடு?"
சிரித்தார் ஜெஸ்டஸ்.
சிரித்துவிட்டு, மறுநாள்
அடுக்களைப் பக்கம் ஒரு பல்பு இழுத்துத் தந்தார்.

காலை நாலு மணி.
நெற்றியில் விளக்கு, கையில் கத்தி.
களியலுக்கு மேலே இருநூற்றெண்பது மரம்.
வேலைக்கு வந்த முதல் மாதம்
பால் கூடட்டுமென்று
ஒரு மரத்தில் ஆழமாக இழுத்துவிட்டேன்.
அன்றைக்குச் சிரட்டை வழிந்தது.
அந்த இடத்தில் இன்றும் பட்டை
முண்டு கட்டிக் கிடக்கிறது,
கத்தி ஏறாது.
நூற்றுப்பதினாலாவது மரம்.
தாண்டும்போதெல்லாம் கை தானாகத் தடவும்.

ஒரு வெட்டுக்கு ஒண்ணரை மில்லி.
அதற்குமேல் சீவியது நாளைய பட்டை.
ஒருநாள் விட்டு ஒருநாள்.
மரத்துக்கே அப்படியென்றால்
என் மண்டைக்கு என்ன அவசரம்?
ஆசிட் ஊற்றிய பால் உறையும் நேரத்தில்
ஒரு கணக்கு.
இரண்டாவது வரும் போலிருந்தாலும்
நோட்டை மூடிவிடுவேன்.
பால் சிந்தி ஒட்டிப்போன பக்கங்களுக்குள்
ஒரு இருபடிச் சமன்பாடு அகப்பட்டுக்கொண்டது,
இன்றுவரை விடை தெரியாது.

கூட்டுத்தொடர் மட்டும் கையில் நின்றது.
ஆண்டுக்கு நூற்றைம்பது வெட்டு,
வெட்டுக்கு ஒண்ணரை மில்லி,
இருபத்திரண்டரை சென்டிமீட்டர்.
நாடா வைத்து அளந்தேன். சரி.
புத்தகத்தில் இல்லாத அந்தக் கணக்குதான்
நானாகப் போட்டுச் சரியாக வந்த முதல் கணக்கு.

இடவப்பாதி மழை
பத்தொன்பது நாள் பெய்தது.
வெட்டு இல்லை.
மாமியாருக்கு ஆசாரிப்பள்ளத்தில் ஆபரேஷன்;
சண்டை போடவும் தெம்பில்லாமல் கிடந்தார்.
நான் கஞ்சி ஆற்றினேன், நோட்டைத் திறக்கவில்லை.
முன்பென்றால் கதை இதோடு முடிந்திருக்கும்,
அடுத்த டிசம்பர்வரை.

இருபதாம் நாள் தோட்டத்துக்குள் போனேன்.
வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுபாலை உரித்தேன்.
ஒண்ணரை மில்லி.
கொஞ்சம் நேரமெடுத்தது.
பிறகு வெள்ளையாய் ஒரு சொட்டு.
பத்தொன்பது நாளையும் சேர்த்துச் சீவ
யாரும் சொல்லவில்லை.
அன்றைக்கும் ஒரு கணக்குதான் போட்டேன்.

தேற்றங்களைத் தொடவே இல்லை, வெட்கமில்லாமல்.
வரைபடத்துக்கு எட்டு, செய்முறை வடிவியலுக்கு எட்டு,
மீதியை அங்கிங்கே பொறுக்கினால் போதும்.
பிப்ரவரியில் மரங்கள் இலையுதிர்த்து நின்றன,
கத்திக்கு விடுமுறை.
அப்போதும் ஒன்றுதான்.

பரீட்சை அறையில்
முன்பெஞ்சுப் பையன் என்னை டீச்சர் என்று நினைத்து
எழுந்து நின்றான்.
ஸ்கேல் மறந்திருந்தேன், அவனிடமே வாங்கினேன்.

மே மாதம்
ஜெஸ்டஸின் போனில் பார்த்தோம்.
31.

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை.
கட்டிலில் இருந்து மாமியார் கேட்டார்:
"எத்தனை கொறவு?"

அட்டையை எடுத்தேன்.
முப்பத்தைந்தை அடிக்கவில்லை.
பக்கத்தில் சிறியதாய் எழுதினேன்,
4.

ஜூலையில் துணைத்தேர்வு.
அதற்குள் அந்த ஒட்டிய பக்கங்களை
நனைத்துப் பிரிக்கவேண்டும்.
நாளைக்கு வெட்டு உண்டு,
மழை பெய்யாவிட்டால்.